ஐம்பதுக்குப் பதினேழு

கணக்கில் ஐம்பதுக்குப் பதினேழு மார்க் வாங்கிய ஒருவரின் கீழே நான் ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பதினேழைப் போட்டவனும் நான்தான். தாராளமாகத்தான் போட்டேன். கண்டிப்பாகத் திருத்தியிருந்தால் பதினொன்றைத் தாண்டியிருக்காது.

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற பெரிய கடைத்தெருவுக்குப் பின்பக்கம் இருந்த தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளி. அதன் தலைமை ஆசிரியை அவர். பெயரை எழுதப் போவதில்லை. ஸ்ரீவராகத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவிர, அவர் கையில் இது கிடைத்தால் ஒற்றுப்பிழைகளை வட்டமிட்டு, மார்க் போட்டு எனக்கே திருப்பி அனுப்பிவிடுவார். மற்ற ஆசிரியைகளைப் பெயரோடு சேர்த்து டீச்சர் என்போம். வெறும் டீச்சர் என்றால் அது அவர் ஒருவர்தான்.

ஆள் குள்ளம். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், ரப்பர் செருப்பு. தோளில் ஒரு கேன்வாஸ் பை. தலைமை ஆசிரியையின் பையில் என்ன இருக்கும்? சர்க்குலர் இருக்கும், சாவிக்கொத்து இருக்கும். இவருடைய பையில் பழுப்பு அட்டை போட்ட ஆறு நோட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டி, தன் பெயர், பாடம், வகுப்பு எழுதியிருப்பார். ஜியாமெட்ரி பாக்ஸ்கூட உண்டு. காம்பஸ் மட்டும் உடைந்தது.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூலை மாதம். நாகர்கோவிலிலிருந்து எம்.எஸ்ஸி., பி.எட். என்று இரண்டு பட்டங்களோடு வந்திருந்தேன். எங்களுடையது எய்டட் பள்ளி. அதாவது ஆளை எடுப்பது மானேஜர், சம்பளம் கொடுப்பது சர்க்கார். மானேஜர் சாலையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்தவர். அவர் கையால் ஆர்டர் வாங்கிக்கொண்டு நான் வந்த அன்று தலைமை ஆசிரியை கல்வி அதிகாரி ஆபீஸுக்குப் போயிருந்தார். கிளார்க் சுகுமாரன் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

இரண்டாவது பீரியட் நடுவில் திரும்பிப் பார்க்கிறேன், கடைசி பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உட்கார்ந்து நான் போர்டில் எழுதியதை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பிள்ளைகள் யாரும் அவரைக் கண்டுகொள்ளவுமில்லை. ஏதோ ஒரு பிள்ளையின் அம்மா, கொஞ்சம் அப்படி இப்படிப் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் கையைத் தூக்கினார், சந்தேகமாம். என் போதாத காலம், வாத்தியார் மிடுக்கை முதல் நாளே காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. பிள்ளையைப் பார்க்க வேண்டுமானால் மணி அடித்த பிறகு பாருங்கள், இப்போது வெளியே நில்லுங்கள் என்றேன். அவர் நோட்டை மூடினார். வெளியே போனார். வராந்தாவில் தூணோரமாகப் பீரியட் முடிகிற வரை நின்றார். வகுப்பில் ஒரு பிள்ளை மூச்சு விடவில்லை. என் மிடுக்குக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்தான் தலைமை ஆசிரியை என்று சுகுமாரன் வந்து சொன்னார். இன்டர்வெல்லில் டீச்சரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். நான் எழுந்து நின்று என்னென்னவோ உளறினேன்.

"சார் சொன்னது சரிதான்," என்றார். "பெர்மிஷன் கேக்காம உள்ளே வந்து உக்காந்துட்டேன். நாளையிலேர்ந்து கேட்டுண்டு வரேன். ஆனா வெளியில நின்னதுல ஒண்ணு தெரிஞ்சுது. சார் வாசலைப் பாத்துண்டே பாடம் எடுக்கறேள். வராந்தாவுக்கு நன்னாக் கேக்கறது. கடைசி பெஞ்சுக்குத்தான் கேக்கலை."

மறுநாளும் வந்தார். வாசலில் நின்று, உள்ளே வரலாமா சார் என்று கேட்டுவிட்டு வந்தார். அதன்பின் ஒன்பது வருடமும் அப்படிக் கேட்காமல் வந்ததில்லை.

இதுதான் அவருடைய நிர்வாகம். வேறு பெரிய திட்டம் எதுவும் கிடையாது. மற்ற பள்ளிகளில் தலைமை ஆசிரியர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றால் அது வருடத்துக்கு ஒருநாள் கூத்து. அன்றைக்குச் சார்ட் தொங்கும், பிள்ளைகளுக்குக் கேள்வி முன்கூட்டியே போயிருக்கும். இவர் அப்படிப் பார்வையிட வரவில்லை, படிக்க வந்தார். வாரம் ஒரு வகுப்பு என்று வைத்துக்கொண்டு, எல்லாப் பாடத்துக்கும் உட்கார்ந்து, வீட்டுப்பாடம் எழுதி, டெஸ்டும் எழுதுவார். வருகைப் பதிவேட்டில் கடைசி எண்ணாகத் தன் பெயரை எழுதச் சொல்லுவார். கூப்பிட்டால் எழுந்து நின்று பிரசன்ட் சார் என்பார். வர முடியாத நாளில் லீவ் லெட்டர் வரும். ஒருமுறை எனக்கு வந்த கடிதத்தில், தலைமை ஆசிரியைகளின் கூட்டத்துக்குத் தான் போக வேண்டியிருப்பதால் அன்று ஒருநாள் விடுப்பு அளிக்கும்படி தாழ்மையுடன் கேட்டிருந்தார். கீழே, தங்கள் கீழ்ப்படிந்த மாணவி. அதை நான் வெகுகாலம் வைத்திருந்தேன்.

டெஸ்ட் மார்க் பள்ளி நோட்டீஸ் போர்டில் பிள்ளைகளுடையதோடு சேர்ந்து ஒட்டப்படும். இதில் தவித்துப்போனது நாங்கள்தான். சமூகவியல் எடுத்தவர் பெரிய அனுபவஸ்தர், ரிடயராக மூன்று வருடம் இருந்தவர். எதற்கு வம்பு என்று டீச்சருக்கு முழு மார்க் போட்டுவிட்டார். மறுநாள் டீச்சர் பேப்பரோடு வந்தார். நாலாவது கேள்விக்குத் தான் வெறும் தாளை விட்டிருந்ததாகவும், அதற்கும் ஐந்து மார்க் விழுந்திருப்பதாகவும், வெறும் தாளில் சார் எதைக் கண்டார் என்று தெரிந்தால் தானும் கற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மனுஷர் வெலவெலத்துப்போனார். அடுத்த இரண்டு வாரமும் டீச்சர் அவர் வகுப்பில்தான் இருந்தார். ஹிந்தி சார் இன்னொரு வழி கண்டுபிடித்தார். டீச்சரின் முறை வரும் வாரமெல்லாம் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

எனக்கு நேர்ந்தது அதைவிட மோசம். முதல் கணக்கு டெஸ்டில் டீச்சர் பக்கத்துப் பிள்ளையின் பேப்பரை எட்டிப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன், முன் பெஞ்சுப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். இப்போது நான் என்ன செய்வேன் என்று முப்பது ஜோடிக் கண்கள் என் முகத்தில். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவரவர் பேப்பரைப் பார்த்து எழுதவும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். மத்தியானம் அவரே வந்து ஒப்புக்கொண்டார்.

"ஒண்ணுமே புரியாம நாப்பது நிமிஷம் உக்காந்து பாருங்கோ சாரே. கண்ணு தானாப் பக்கத்துல போறது. நான் பாக்கணும்னு பாக்கலை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இனிமேல் டெஸ்டில் முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும், பேனாவைத் திறந்தவுடன் எழுத ஏதாவது இருந்தால் பிள்ளை அடுத்ததைத் தானே பார்க்கும் என்றார். எரிச்சலாக இருந்தது. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்தவனுக்கு, பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கத் தெரியாதவர் கேள்வித்தாள் எப்படி எடுப்பது என்று சொல்லித் தருகிறார். ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். வெறும் தாள் கொடுக்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

சனிக்கிழமைகளில் அவர் குடையை எடுத்துக்கொண்டு சாலைக்குள் இறங்கிவிடுவார். எங்கள் பள்ளியில் பத்தாவது முடித்த பிள்ளைகள் பலரும் அங்கேதான் வேலைக்கு நின்றார்கள், பலசரக்குக் கடையில், ஹார்ட்வேர் கடையில், பார்சல் ஆபீஸில். ஒவ்வொரு கடையாக ஏறி முதலாளியிடம் இவர் கேட்பது ஒரே கேள்வி: எங்கள் பிள்ளை எதைத் தெரியாமல் முழித்தது? நல்லது எதுவும் சொல்லவேண்டாம் என்பார். முதலாளிமார் முதலில் சங்கடப்பட்டார்கள், அப்புறம் ருசி கண்டுவிட்டார்கள். சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்து சொன்னார்கள். அத்தனையும் நீள நோட்டில் ஏறி, திங்கட்கிழமை காலை ஸ்டாஃப் மீட்டிங்குக்கு வரும். அந்த மீட்டிங்கில் யாருக்கும் நாற்காலி கிடையாது. நின்றால்தான் பத்து நிமிடத்தில் முடியும் என்பது அவர் கணக்கு. அவருக்குச் சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை என் தலை உருண்டது. ஹார்ட்வேர் கடையில் நின்ற எங்கள் பழைய மாணவன் ஒருவனுக்கு டேப்பில் முக்கால் இஞ்ச் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியவில்லையாம். பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பையன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இஞ்ச் சிலபஸ்ல இல்லை டீச்சர்," என்றேன்.

"சாலையில இருக்கே," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே ஹார்ட்வேர் முதலாளி ஏழெட்டு டேப்புகளோடு வகுப்புக்கு வந்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அதற்கென்றே ஒதுக்கியது. வெளியாள் ஒருவர் வருவார், தன் தொழிலில் அன்றாடம் செய்கிற ஒரு காரியத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் செய்யச் சொல்வார், தேறுமா தேறாதா என்று சொல்லிவிட்டுப் போவார். பார்சல் கட்டி விலாசம் எழுதுவது, ரயில்வே ரிசர்வேஷன் ஃபாரம் நிரப்புவது, வராந்தாவை அளந்து எத்தனை டைல்ஸ் என்று சொல்வது. பழைய சாமான் கடையிலிருந்து வாங்கிய இரண்டு செத்த டெலிபோன்கள் வைத்திருந்தார். பிள்ளைகளில் பாதிப்பேர் அதுவரை போனைத் தொட்டதில்லை. ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மற்றதை இவர் எடுத்துக்கொண்டு, சரக்கு வராமல் கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளராக மலையாளத்தில் பேசுவார். அந்த அம்மையாருக்குள் அத்தனை கோபம் எங்கே இருந்தது என்று தெரியாது. ஒரு பையன் பயந்துபோய் தன் பேர், அப்பா பேர், வீட்டு நம்பர் எல்லாம் ஒப்பித்துவிட்டு, மன்னிக்கணும், இனி செய்ய மாட்டேன் என்று ரிசீவரை வைத்துவிட்டான். பார்சல் ஆபீஸ் முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். டீச்சர் அவனைத் திட்டவில்லை. மறுபடி மணி அடித்தது போல டிரிங் டிரிங் என்று வாயால் சொன்னார்.

இப்படியெல்லாம் செய்தும் பள்ளியில் பிள்ளைகள் வருடா வருடம் குறைந்துகொண்டுதான் வந்தார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்துக்கும் மலையாளம் மீடியத்துக்கும் போனார்கள். நான் சேர்ந்த அடுத்த ஜூனில் அது என் கழுத்துக்கே வந்தது.

கேரளத்தில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள் என்பது வாத்தியார்களுக்குச் சிவராத்திரி. அன்றைக்குத்தான் தலை எண்ணுவார்கள். அன்று எத்தனை பிள்ளைகளோ அதற்குத் தக்கபடிதான் டிவிஷன், டிவிஷனுக்குத் தக்கபடிதான் வாத்தியார். ஒன்பதாம் வகுப்பு இரண்டு டிவிஷனாக நிற்க ஐம்பத்தொரு பிள்ளைகள் வேண்டும். ஒன்று குறைந்தால் ஒரே டிவிஷன், கடைசியாகச் சேர்ந்த வாத்தியார் வீட்டுக்கு. கடைசியாகச் சேர்ந்தவன் நான். எனக்கோ மார்த்தாண்டத்தில் பெண் நிச்சயமாகி, ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை திருவனந்தபுரத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கும் வாத்தியார் என்பதுதான் பெண் வீட்டுக்கு நாங்கள் சொல்லியிருந்த ஒரே தகுதி.

ஐந்தாம் நாள் வரை ஐம்பது பேர்தான். ஆறாம் நாளும் ஐம்பதுதான். நல்ல மழை. பத்தரை மணிக்குக் கல்வி அதிகாரி ஆபீஸிலிருந்து வந்த ஆள் குடையை மடக்காமலே வராந்தாவில் நின்று, ஜன்னல் வழியாக என் வகுப்பை எண்ணினார். பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். பக்கத்து டிவிஷனை எண்ணினார். எச்.எம். எங்கே என்று கேட்டதற்குச் சுகுமாரன் கிளாஸில் இருப்பதாகச் சொன்னார், அது உண்மைதான். சாயா குடித்துவிட்டு, ஐம்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஐம்பத்தொன்றாவது தலை எது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். கடைசி பெஞ்சில், உயரமான இரண்டு பிள்ளைகளுக்குப் பின்னால், குனிந்து நான் கொடுத்த கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது அது. பதிவேட்டிலும் அன்றைய வருகையில் அந்தப் பெயரைச் சேர்த்துக் கூட்டி வைத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து நான் வேண்டுமென்றே ஒரு கூட்டலைத் தப்பாக விட்டது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான். கடவுளே, இந்த அம்மாளுக்குக் கணக்கு வராது, இது தெரியவும் வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு டீச்சர், ஐம்பத்தொன்று என்று எழுதியிருந்த அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். "சாரே, நம்மகிட்ட அம்பதுதானே? விரல் விட்டு மூணு தரம் எண்ணிட்டேன். அவர் என்னையும் சேத்து எண்ணிட்டுப் போயிருக்கார், அல்லே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன்னமே தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். மானேஜருக்குப் போன் போட்டார். தெய்வமாகக் கொடுத்தது, மிண்டாமல், வாயைத் திறக்காமல் இருங்கள் டீச்சரே, அவர்களே எண்ணி அவர்களே கையெழுத்துப் போட்டதற்கு நமக்கென்ன என்று அவர் சத்தமாகச் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அந்த மனுஷரை அன்றைக்குத்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டீச்சர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாலு மணி வரைக்கும் இன்னிக்கு ஆறாம் நாள்தான். எத்தனை மணிக்கு வந்தாலும் வந்ததுதான், சட்டம் நான் படிச்சுப் பாத்தாச்சு. அதுக்குள்ள ஒரு பிள்ளை வந்து உக்காந்தா இந்தக் கடுதாசி உண்மையாயிடும். வரலைன்னா, நாலரைக்கு நானே எழுதிக் குடுத்துடுவேன். சார் கோவிச்சுக்கப்படாது."

கோபித்துக்கொள்ளக் கூடாதாம். என் கல்யாணம் போகப்போகிறது, கோபித்துக்கொள்ளவும் கூடாது. இந்தப் பொம்பளை மற்ற பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைகளைப் போல ஒழுங்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எண்ணிக்கை ஐம்பது என்று நேராகவே போயிருக்கும், விதி என்று நானும் பெட்டியைக் கட்டியிருப்பேன். ஆசை காட்டிவிட்டுப் பிடுங்குவதற்கு இப்படி ஒருவர் வேண்டுமா என்று அவர்மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

எட்டாவதில் பாஸாகி, ஒன்பதாவதில் பெயர் மட்டும் இருந்து, ஆள் வராத பிள்ளை ஒன்றே ஒன்று உண்டு. முத்துச்செல்வி. பழவங்காடிப் பக்கம் அவளுடைய மாமா வளையல், ரிப்பன், லேஸ் விற்கிற கடை வைத்திருந்தார். மழையில் ஆட்டோ கிடைக்கவில்லை. ஒரு குடையில் இருவராக நடந்தோம். என் தோள் உயரத்தில் அவர் குடை பிடித்ததால் வழியெல்லாம் என் தலை கம்பியில் இடித்தது.

முத்துச்செல்வி கடையில்தான் நின்றாள். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்துவிட்டு, வந்திருந்த அம்மாளுக்கு லேஸ் அளந்து கொடுப்பதை முடித்தாள். இரண்டே முக்கால் மீட்டர் கேட்டார்கள். கவுண்டரில் ஒட்டிய ஸ்கேலில் விரலால் தள்ளி, கத்தரித்து, சுருளில் இன்னும் நாலேகால்தான் இருக்கிறது, பாவாடைக்கு வேண்டுமென்றால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் இந்த டிசைன் வராது என்றாள். ஏழிலிருந்து இரண்டே முக்காலை அவள் கழித்ததை என் கண்ணால் பார்த்தேன். என் வகுப்பில் இதே மாதிரிக் கணக்குக்குப் பூஜ்யம் வாங்கிய பிள்ளை.

மாமா டீச்சரை உட்கார வைத்துச் சாயா வரவழைத்தார். பிள்ளையை அனுப்புவது பற்றி மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஸ்கூல் திறக்கிற சீஸன், ரிப்பன் ஓடுகிற நேரம், ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். டீச்சர் அவரை விட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பி, உனக்கு வர இஷ்டமில்லையா என்று கேட்டார். அவள் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"சார் நல்லவருதான் டீச்சரே," என்றாள். "ஆனா ஒருதடவ புரியலன்னு சொன்னா, சொன்னதயே சார் இன்னும் சத்தமாச் சொல்லுவாரு. பொறவு கேக்கப் பயமா இருக்கும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் பிழைப்பு ஒரு பிள்ளையின் கையில் இருக்கிறது, அந்தப் பிள்ளை என்னால்தான் ஓடிப்போயிருக்கிறது. எதிரே தொங்கிய வளையல்களை எண்ண ஆரம்பித்தேன். டீச்சர் எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கும் புரியலைடி கொழந்தை," என்றார் அவர். "பதினேழு மார்க். நீ போர்டுல பாத்திருக்க மாட்டே. சாரையே கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

"டீச்சருக்கே பதினேழா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீ வந்தா நாம ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்துக்கலாம். நீ கேக்க பயந்தா நான் கேக்கறேன். என்னை சார் சத்தம் போட மாட்டார்." என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சாருக்கு இன்னும் அந்தத் தைரியம் வரலை," என்றார்.

பிள்ளை சம்மதித்துவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. மாமாதான் மிச்சம். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவருடைய மனத்தாங்கல் வெளியே வந்தது. ஹார்ட்வேர் கடைக்காரரைக் கூப்பிட்டீர்கள், பார்சல் ஆபீஸ்காரரைக் கூப்பிட்டீர்கள், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்து மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், வளையல் கடைக்காரன் மட்டும் மனுஷனில்லையா என்று கேட்டார். சொந்த மருமகள் படிக்கிற பள்ளி, ஒரு வார்த்தை உண்டா?

டீச்சர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நடிப்பில்லை, நிஜமாகவே வருந்தினார். நோட்டைத் திறந்து, வருகிற வெள்ளிக்கிழமைக்கு எதிரே அவர் பெயரை எழுதி அவரிடமே காட்டினார். மாமா அதைப் படித்துவிட்டு, உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, நானே கொண்டு விடுகிறேன் என்று கடையைப் பாதி அடைத்தார்.

மூன்றே முக்காலுக்கு முத்துச்செல்வி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பதிவேட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரே குறித்தேன். அடுத்த வரியில் இருந்த தலைமை ஆசிரியையின் பெயரைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். கை வரவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, அளவுகோலை வைத்து அடியுங்கள், கோணலாகப் போகும் என்றார்.

ஆவணியில் என் கல்யாணம் நடந்தது. டீச்சர் மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் வந்து, பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை எப்படி என்று அவர்கள் கேட்டதற்கு, கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார். அரையாண்டுப் பரீட்சையில் முத்துச்செல்விக்கு இருபத்தொன்பது, டீச்சருக்கு இருபத்திரண்டு. அவர் அதில் உள்ளூரச் சந்தோஷப்பட்டதும், கொஞ்சம் பொறாமைப்பட்டதும் எனக்குத் தெரியும். எனக்கு அவரைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பயமும் குறையவில்லை.

தை மாதத்தில் என் அப்ரூவல் ஆர்டர் வந்தது. அதாவது வேலை நிரந்தரம். அவருடைய அறைக்குக் கூப்பிட்டு, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை என்றேன். சந்தோஷம்தானே என்று கேட்டார். வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

"இனிமே ரிடயராற வரைக்கும் உங்களை யாராலயும் அசைக்க முடியாது," என்றார். "எனக்கு அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு சாரே."

சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.